கடைசி அறையில் இருந்தவன்

சுகாசினியைத் தெரியாதவர்கள் அவளை அழுத்தக்காரி என்பார்கள். காஞ்சிபுரத்துப் பட்டுக் கடையில் என்னோடு வேலை செய்கிறவள். முகூர்த்தப் புடவையைத் தன் தோளில் போட்டுக் காட்டி, கல்யாண வீட்டுக் கும்பலையே சொக்க வைப்பாள். கடை விட்டால் வாயைத் திறக்க மாட்டாள். எங்கள் ஊர் முசரவாக்கத்துக்குப் பஸ் ஏறியதும் காதில் போன் ஒயரை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவாள். அவள் கேட்பது ஜெபப் பாட்டு என்று எங்கள் சபையார் நினைத்தார்கள். எனக்குத்தான் தெரியும், அத்தனையும் மாயக்கதை. பறக்கும் குதிரை, பேசும் மரம், ஏழு தலை நாகம்.

சின்னப் பிள்ளை மாதிரி இதென்னடி என்று நான் கேலி செய்வேன். அவள் கோபித்துக்கொண்டதில்லை. பிறந்ததிலிருந்து சபையில் கேட்ட வார்த்தைகள் காதுக்குப் பழகிப் போய்விட்டன, அதே விஷயம் கதைக்குள் வேறு வேஷத்தில் வரும்போதுதான் தனக்கு உறைக்கிறது என்பாள். எசமானுக்காக நெருப்பில் இறங்கிய ஒரு குதிரையின் கதைக்குப் பஸ்ஸிலேயே அழுதாள். சிலுவையைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டும் தான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை என்றாள். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

எங்கள் தெருவின் கோடி வீடு செல்லியம்மாள் அக்காவுடையது. அவளுக்கு ஒரே பிள்ளை, விக்ரம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன், போன தை மாதம் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். அப்படிப் போனவர்களைச் சபைக்குள் கொண்டுவரும் வழக்கம் எங்களுக்கு இல்லை. அக்கா வீட்டு வாசலிலேயே போதகர் சுருக்கமாக ஜெபித்தார். கல்லறைத் தோட்டத்தில் வேலியோரமாக அடக்கம் செய்தோம். அக்கா அதன் பிறகும் ஞாயிறு தவறாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பாடவில்லை. தன் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறான் என்று ஒரு தடவை போதகரைக் கேட்டாள். அது தேவன் கையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் வேறு பக்கம் பார்த்தார்.

ஆராதனையின் நடுவே சாட்சி சொல்லும் நேரம் உண்டு. காய்ச்சல் போனது, வேலை கிடைத்தது, எருமை கன்று போட்டது என்று ஆளாளுக்கு எழுந்து சொல்வார்கள். ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில், அதுவரை சாட்சியே சொல்லாத சுகாசினி எழுந்தாள். முதல் நாள் கேட்ட கதை அவள் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது. கடையில் அவ்வளவு பேசுகிறவளுக்கு அங்கே பேச்சு தடுமாறியது. பதற்றத்தில், கதை என்று சொல்லவே மறந்துவிட்டாள். பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், ஒரு ராஜாவைப் பார்த்தேன் என்று ஆரம்பித்தாள்.

செத்தவர்களைப் பூட்டி வைத்திருக்கும் கோட்டை பூமிக்கு அடியில் இருக்கிறது. ராஜா தானும் செத்து அங்கே இறங்குகிறார். கதவு கதவாக உடைத்து எல்லாரையும் வெளியே விடுகிறார். கடைசியில் ஓர் அறை. அதன் தாழ்ப்பாள் உள்ளே போட்டிருக்கிறது, இருப்பவன் தன்னைத் தானே பூட்டிக்கொண்டவன். அந்தக் கதவை மட்டும் ராஜா உடைக்கவில்லை. பூட்டியது பூட்டியபடி இருக்க, உள்ளே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கண்ணை மூடினாள், ராஜாவைப் பார்த்தாள் என்றால் எங்கள் சபைக்கு வேறென்ன வேண்டும்? தரிசனம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆண்டவர் பாதாளத்தில் இறங்கினார் என்று வாராவாரம் விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறோமே, அதைத்தான் நம் சகோதரிக்குக் காட்டியிருக்கிறார் என்று போதகர் கையை உயர்த்தினார். சுகாசினி மறுக்கத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் செல்லியம்மாள் அக்கா பெஞ்சிலிருந்து சரிந்து, தரையில் கிடந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

பிள்ளை போன பிறகு முதல் தடவையாக அன்றைக்குத்தான் அக்கா சோறு வடித்து வயிறாரச் சாப்பிட்டாள். அடுத்த வாரம் பாடினாள். ஊர் சும்மா இருக்குமா, நோய்ப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜெபத்துக்காகச் சுகாசினியிடம் வந்தார்கள். உண்மையைச் சொன்னால் அக்கா திரும்ப விழுந்துவிடுவாள். சொல்லாவிட்டால் ஆண்டவர் பெயரில் பொய். சுகாசினி இளைத்தே போனாள். ஐப்பசியில், கல்லறைத் திருநாளுக்காக அக்கா பிள்ளைக்குக் கல் வெட்டக் கொடுத்தாள். பெயருக்குக் கீழே, ராஜா உள்ளே வந்தார் என்று பொறிக்கச் சொல்லியிருந்தாள். அதற்கு மேல் சுகாசினியால் தாங்க முடியவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய், அது போனில் கேட்ட கதை என்று சொல்லிவிட்டாள்.

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“அந்தக் கடைசி ரூமு கதையில இருக்குதா?”

“இல்லக்கா. கதையில அது கெடையாது. உன்ன பாத்துக்கினே சொல்லிக்கினு வந்தேன், வாயில வந்துடுச்சு.”

“அப்ப என் புள்ளைய நீதான் கதையில சேத்தியா?” என்று சொல்லிவிட்டு, அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சுகாசினி சபையிலும் எழுந்து சொன்னாள். பிசாசின் கதைகளைக் கேட்காதே என்று போதகர் எல்லார் முன்னும் கண்டித்தார். தரிசனம் என்று முதலில் முழங்கியவர் அவர்தான். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. அக்கா மறுபடி பாட்டை நிறுத்தினாள். கல்லில் அந்த வரி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள்.

கல்லறைத் திருநாளன்று வேலியோரம் போனோம். பெயர் மட்டும் வெட்டிய கல்லின் மேல் அக்கா சாமந்தியைப் பரப்பிக்கொண்டிருந்தாள். சுகாசினி தூரத்திலேயே நின்றாள். அக்காதான் கூப்பிட்டாள். மெழுகுவத்தி காற்றில் நிற்கவில்லை. இரண்டு பேரும் குந்தி, கையால் மறைத்துக்கொண்டார்கள்.

“நீ ரத்த சம்பந்தம்கூட இல்ல” என்றாள் அக்கா. “என் புள்ளைக்கு ஒரு ரூமு வெக்கணும்னு உனக்கே மனசு வந்துச்சே. ஆண்டவருக்கு வராதாம்மா?”

சுகாசினி வாய்விட்டு அழுதாள். அக்கா பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.