மூன்று ராஜாக்களும் ஒரு கதவுக் கீலும்

கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் இந்த வருஷம் நீலக் காகிதம் ஒட்ட வேண்டாம், நிஜ வானத்தையே படம் பிடித்துப் பெரிதாக்கி மாட்டிவிடுகிறேன் என்று லிங்கராஜபுரம் கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவன் நான். என்னை யாரும் கேட்கவில்லை. யாரோ ஜிகினா நட்சத்திரத்தின் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். என் நாக்கு தானாக எழுந்துவிட்டது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஃபிலிம் கேமராவும் புதிதாக வாங்கிய 28 எம்எம் வைட் ஆங்கிள் லென்ஸும் கையில் இருந்தால் மனிதனுக்கு இப்படித்தான் துணிச்சல் வரும்.

ஃபாதர் அங்கேயே பட்டியலில் நீலக் காகிதத்தை அடித்துவிட்டார். இனி நான் சொதப்பினால் குழந்தை இயேசு வெறும் சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் பிறக்க வேண்டும்.

என் மனைவிக்குச் சொந்த ஊர் தங்கவயல். அவள் அண்ணன் வீட்டு மொட்டைமாடியில் நல்ல இருட்டு கிடைக்கும். டிசம்பரில் எட்டு மணிக்கெல்லாம் கிழக்கே ஓரியன் நட்சத்திரக் கூட்டம் ஏறிவிடும். அதன் நடுவில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள். இவர்கள்தான் குழந்தை இயேசுவைத் தேடி வந்த மூன்று ராஜாக்கள் என்று நானே பட்டம் சூட்டி, ஷட்டரை ஒரு நிமிஷம் திறந்து வைத்தேன்.

சாம்பிள் பிரிண்டை ஃபாதர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "என்னாப்பா, மூணு ராஜாவும் பஸ் பின்னாடி ஓடுறாங்க?"

புள்ளியாக இருக்க வேண்டிய நட்சத்திரமெல்லாம் கோடாக இழுபட்டிருந்தது. இந்த லென்ஸில் இருபது செகண்டைத் தாண்டினால் வானம் நகர்வது படத்தில் தெரிந்துவிடும். அடுத்த ஞாயிறு இருபதோடு நிறுத்தினேன். வெளிச்சம் போதாதே என்று லென்ஸின் துளையை முழுசாகத் திறந்தேன். ராஜாக்கள் அசையாமல் நின்றார்கள். ஆனால் நான்கு மூலையிலும் நட்சத்திரங்களுக்குச் சிறகு முளைத்திருந்தது.

"சம்மனசுன்னு சொல்லிடுங்க," என்றாள் மனைவி.

தேவதூதர்களின் சிறகை ஒடுக்க லென்ஸின் துளையைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும். நேரம் கூடினால் ராஜாக்கள் மறுபடி பஸ் பிடிக்க ஓடுவார்கள். பாக்கி இருந்தது ஒரே ஒரு ஞாயிறு. சிவாஜி நகரில் ஒரு கடைக்குள் திருடன் மாதிரி நுழைந்து, நீலக் காகிதம் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டேன். தீர்ந்துவிட்டது என்றார்கள். என் வீரம் அங்கேதான் பிறந்தது. ஓட வழியில்லாதவன் நின்றுதானே ஆக வேண்டும்.

பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு வானியல் பத்திரிகையில் வழி இருந்தது. இரண்டு பலகைகளை ஒரு கதவுக் கீலால் இணைத்து, கீலின் அச்சை வடதுருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும். மேல் பலகையில் கேமரா. இடையில் ஒரு திருகாணி. அதை நிமிஷத்துக்கு ஒரு சுற்று திருப்பினால் பலகை மெல்ல விரிந்து, கேமரா நட்சத்திரங்களோடு கூடவே போகும். அப்புறம் லென்ஸைச் சுருக்கிக்கொண்டு ஐந்து நிமிஷம் கூடத் திறந்து வைக்கலாம்.

ஞாயிறு மாலை மாடியில் எல்லாம் தயார். திருகாணியை மட்டும் நான் ஒரு சுற்று வேகமாகவும் ஒரு சுற்று மெதுவாகவும் திருப்பிப் பழகிக்கொண்டிருந்தேன். மனைவி தையல்காரி. கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நகருங்க. நீங்க திருப்பினா நட்சத்திரத்துக்கே தலை சுத்தும்."

டார்ச்சில் சிவப்புக் காகிதம் சுற்றி, கைக்கடிகாரத்தின் செகண்ட் முள்ளைப் பார்த்தபடி, தையல் மெஷின் சக்கரத்தைத் தொடுகிற மாதிரி அவள் திருப்பினாள். எனக்குக் கொடுத்த வேலை, கிட்டே வராமல் இருப்பது.

"மூச்சாவது விடலாமா?"

"கீழ போய் வுடுங்க."

ஃபிலிம் கழுவி வந்தபோது மூலை வரைக்கும் புள்ளிதான். ஒரு கோடில்லை, ஒரு சிறகில்லை. சந்தோஷத்தில் வேறெதையும் பார்க்காமல் நாலடி அகலத்துக்குப் பெரிதாக்கி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சுவரில் மாட்டினேன். எல்லோரும் மேலே பார்த்தார்கள். ஃபாதர் கீழே பார்த்தார். அடியில் இருந்த தென்னை மரமும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் குழம்பு மாதிரி கலங்கியிருந்தன. கேமரா நட்சத்திரங்களோடு போனதில் தரை இழுபட்டுவிட்டது.

"போன தடவ வானம் ஓடிச்சு. இப்ப பூமி ஓடுதேப்பா."

என் வாய் சும்மா இருக்குமா. "நெஜமா ஓடுறது அதுதான் ஃபாதர்."

அவர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், ஏணியில் நின்றவர்களைப் பார்த்தார். "குடில் கூரைய ஒரு அடி ஏத்திக் கட்டுங்க."

வைக்கோல் கூரை ஏறியதும் தென்னையும் தொட்டியும் மறைந்தன. அதற்கு மேலே மூன்று ராஜாக்கள் அசையாமல் நின்றார்கள். பெத்லகேமில் அவ்வளவு உயரமான மாட்டுத் தொழுவம் இருந்திருக்காது. மாட்டுக்கு நல்ல காற்றோட்டம்.