பெட்டி சொன்ன ‘அருமை’

“உங்க தொண்ட ஒண்ணும் மோட்டார் இல்லம்மா, காயில் எரிஞ்சா கழட்டி ரீவைண்டிங் பண்ணிக் குடுக்க” என்றார் டாக்டர். கள்ளக்குறிச்சியில் காது மூக்கு தொண்டை பார்க்கிறவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். சத்தம் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது.

குரல்நாணில் காய்ப்பு விழுந்திருக்கிறதாம். மண்வெட்டி பிடிக்கிறவர்கள் உள்ளங்கையில் விழுமே, அதுமாதிரி. ஆப்பரேஷன் இப்போதைக்கு வேண்டாம், பேச்சைக் கம்மி பண்ணினால் போதும் என்றார். “டீச்சர் வேலைக்குப் போலாமான்னு பாக்கறேன் சார்” என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “தண்ணில நனையாதீங்கன்னு சொன்னா மீன் புடிக்கப் போறேன்றீங்க.” அப்புறம் கொஞ்சம் இறங்கி வந்து, “ஒரு வேலைக்கு இந்தக் கொரலு தாங்கும்மா. ரெண்டுக்குத் தாங்காது. எதுக்குன்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க” என்றார்.

முடிவு பண்ணுகிற தெம்பு இருந்தால் நான் ஏன் அவரிடம் கேட்கப்போகிறேன்?

என் வேலை விளம்பரக் குரல். தியாகதுருகத்திலோ எலவனாசூர்கோட்டையிலோ கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கமோ ஆட்டோ மேல் குழாய் கட்டிக்கொண்டு, “அன்பார்ந்த பொதுமக்களே, தாய்மார்களே” என்று ஒரு பொம்பளைக் குரல் போவதைக் கேட்டிருப்பீர்கள். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, புது ஓட்டல் திறப்பு, கண் சிகிச்சை முகாம், யாராவது தவறிப்போனால் அடக்கம் எப்போது என்கிற அறிவிப்பு. இதில் பாதி நான்தான். என் வீட்டுக்காரர் ரேடியோ செட் வைத்திருக்கிறார், விசேஷங்களுக்கு மைக்கும் குழாயும் வாடகைக்கு விடுகிற தொழில். பின்னறைச் சுவரெல்லாம் சத்தம் எதிரொலிக்காமலிருக்க முட்டை அட்டை ஒட்டி, நடுவில் ஒரு மைக். அங்கே உட்கார்ந்து ஒரு தடவை பேசிவிட்டால் ஆட்டோக்காரர் அதை ஊர் ஊராக எடுத்துக்கொண்டு போவார்.

இந்தப் பேச்சை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சின்ன வயசில் எங்கள் ஊர் மாதா கோயிலில் பூசைக்கு வாசகம் வாசிக்க என்னைத்தான் நிறுத்துவார்கள். எங்கே மூச்சு விடணும், எந்த வார்த்தைக்கு முன்னால் சற்றே நிற்கணும் என்பதெல்லாம், தரையில் உட்கார்ந்து தூங்கி வழிகிறவர்கள் எப்போது கண்ணைத் திறக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து நானாகப் பிடித்துக்கொண்டது.

ஊரில் என்னைச் சும்மா விடமாட்டார்கள். மார்க்கெட்டில் கீரை விற்கிற அக்கா, “உன் கொரலுக்கு வயசே ஆவல, மூஞ்சிக்குத்தான் ஆவுது” என்பார். சாவு அறிவிப்பு போன நாளில் டீக்கடைக்காரர், “இன்னாம்மா, காலைல ஒருத்தர அனுப்பி வச்சிட்டு மத்தியானம் பொடவ விக்கறியே” என்பார். இந்த மாதிரிப் பேச்செல்லாம் எனக்கு உசிர். வீட்டுக்கு வந்து அப்படியே வீட்டுக்காரரிடம் ஒப்பிப்பேன். அவர் கேட்பார், இல்லை கேட்கிற மாதிரி ஒயரை ஒட்டிக்கொண்டிருப்பார்.

இதற்கு நடுவில்தான் வாத்தியார் வேலை வந்தது. நான் ஆசிரியர் பயிற்சி படித்தவள். தகுதித் தேர்வும் தேறினேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, புதுப்பித்து, புதுப்பித்து, ஒரு கட்டத்தில் அலுத்துப்போய்ப் புதுப்பிக்கவே மறந்துபோனேன். பயிற்சியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் இப்போது கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு தொடக்கப்பள்ளியில் தலைமை ஆசிரியை. கூட இருந்தவர் மாறுதல் வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிட, ஒண்டியாக நின்றாள். போனில் கூப்பிட்டாள்.

“அஞ்சு வகுப்பையும் நான் ஒருத்தியே மேய்ச்சிக்கினு கீறன்டி. தற்காலிகமா ஒரு ஆளப் போட்டுக்கலாம்னு சொல்லிக்கிறாங்க. நீ வா.”

“தற்காலிகம்னா எத்தினி நாளைக்கு?”

“தற்காலிகம்னா தற்காலிகந்தான். என்னிக்காச்சும் ஆர்டரோட வேற ஆளு வந்து நின்னா நீ பையத் தூக்கிக்கினு எறங்கணும். முன்னாலயே சொல்லிட்டேன், அப்பறம் அழுவாத.”

வீட்டுக்காரர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். “மலை மேல ஏறிக் கத்தறதுக்கு, இங்க ஃபேன் காத்துல உக்காந்து கத்தலாம். ஒருவாட்டி கத்துனாப் போதும், மிச்சத்த மிஷினு கத்திக்கும்” என்றார். நியாயம்தான். அவர் அனுப்புகிற ஆட்டோவில் போவது என் ஒருத்தி குரல்தான். அதை நம்பித்தான் அவர் கடைக்காரர்களிடம் வாக்குக் கொடுக்கிறார். டாக்டரும் ஒரு வேலைக்குத்தான் என்று சொல்லிவிட்டார். வயசும் நாற்பதைத் தாண்டிவிட்டது. இந்த மூணையும் கூட்டிப் பார்த்தால் விடை தெரிந்ததுதான். ஆனாலும் தோழி, “ஒரு வாரம் சும்மா வந்து இருந்து பாரு. புடிக்கலன்னா போய்க்கினே இரு” என்றதும், சரி என்றேன்.

கள்ளக்குறிச்சியில் விடியற்காலை பஸ் ஏறி, கச்சிராயபாளையம் வரைக்கும் தூங்கி, மலை ஏற ஏற ஒவ்வொரு வளைவிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வெள்ளிமலையில் இறங்கி, அந்தப் பக்கம் போகிற ஏதாவது ஒரு வண்டியில் தொற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் சேர்வதற்குள் ஒரு நாள் வேலை முடிந்தமாதிரி இருக்கும். அப்போதுதான் மணி அடிப்பார்கள். எலுமிச்சம்பழத்தை மோந்து மோந்து வருகிற என்னைக் கண்டக்டர் நன்றாகப் பார்த்துவைத்துக்கொண்டார். “டீச்சரம்மா, மல எங்கியும் ஓடிடாது, கண்ண மூடிக்கினு வாங்க” என்பார்.

எனக்கு ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். ஒரே அறையில் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். ‘நீங்க’ அவர்களுக்கு இன்னும் வரவில்லை. “டீச்சர், நீ சோறு துன்னியா? டீச்சர், நீ நாளைக்கும் வருவியா?” எந்தப் பிள்ளையும் ஒரு தடவையில் விடாது. “மழை” என்று ஒரு பக்கம் சொல்லிக்கொடுத்தால், இன்னொரு பக்கம் கேட்டிருக்காது. அதற்குச் சொன்னால், முதலில் சொன்னது மறந்திருக்கும். மத்தியானத்துக்குள் என் தொண்டையில் முள் ஏறிவிட்டது. சாயங்காலம் பஸ்ஸில் கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொல்ல வாய் திறந்தால் காற்று.

இரண்டு நாள் பார்த்தேன். நாளைக்கு எப்படிப் போவது என்று உட்கார்ந்து யோசித்தபோது ஒரு யுக்தி தோன்றியது. நாம்தான் ரேடியோ செட்டுக்காரர் வீடாச்சே! பின்னறையில் உட்கார்ந்து, மிச்சமிருந்த குரலை வைத்து நிதானமாகப் பாடத்தைப் பதிவு செய்தேன். “மழை… எங்கே, எல்லாரும் சொல்லுங்க, மழை.” பிள்ளைகள் திருப்பிச் சொல்வதற்கு இடம் விட்டேன். அப்புறம், “அருமை! மிக அருமை!” என்றேன். “வாழை… சொல்லுங்க, வாழை.” இடைவெளி. “அருமை!” இப்படியே கிழங்கு, குழந்தை, தாழை என்று போகும். வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, “ஜவுளிக்கடை ஆஃபர் மாதிரி சூப்பரா கீது” என்றார். கையில் தூக்குகிற சின்ன ஸ்பீக்கர் பெட்டி ஒன்றையும் கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் பெட்டியை மேசை மேல் வைத்துப் போட்டேன். பிள்ளைகள் அசந்துபோனார்கள். என் பக்கம் முதுகைக் காட்டிப் பெட்டியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, ஒரே குரலில் “மழை” என்று சொன்னார்கள். பெட்டி “அருமை!” என்றது. நான் நாற்காலியில் சாய்ந்து வெந்நீர் குடித்தேன். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சுகம் கண்டதில்லை.

“கிழங்கு… எல்லாரும் சொல்லுங்க, கிழங்கு” என்றபோது முதல் வரிசையில் இரட்டைச் சடை போட்ட பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். “எங்க வூட்ல நேத்துக் கெழங்கு புடுங்குனாங்க” என்றாள், பெட்டியிடம்.

“அருமை! மிக அருமை!” என்றது பெட்டி.

பிள்ளைக்குச் சந்தோஷம். மேலே சொல்ல ஆரம்பித்தாள். “எங்கப்பா கால்ல கடப்பார வுழுந்து…”

“குழந்தை… சொல்லுங்க, குழந்தை.”

“இரு” என்றாள்.

“அருமை!”

“இரு, இரு, சொல்றேன். கால்ல ரத்தம் வந்துக்கினே…”

“தாழை… எங்கே, எல்லாரும் சொல்லுங்க.”

அந்தப் பிள்ளை கையை நீட்டிப் பெட்டியின் வாயைப் பொத்தினாள். பொத்தின கைக்குள்ளிருந்து “மிக அருமை!” என்று வந்தது. மற்றதுகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். பெட்டி அதற்கும் “அருமை” என்றது. ஒருத்தன் “பூன” என்றான், அருமை. இன்னொருத்தன் ஏப்பம் விட்டான், மிக அருமை. அறையே உருண்டு சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, “டீச்சர், இதுக்குக் காது இல்லியா?” என்றாள்.

பக்கத்து அறையிலிருந்து தோழி ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிள்ளைகள் சோற்றுக்குப் போனபிறகு படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

“சிரிச்சிட்டேன்டி, தப்பா நெனைக்காத. நானும் பல நாளு அப்பிடித்தான். அஞ்சு வகுப்பு. ஒருத்தன் வந்து எதுனா சொல்லிக்கினே இருப்பான், நான் ‘வெரி குட், வெரி குட், போ’ன்னுவேன். அவன் இன்னா சொன்னான்னு கேட்டா எனக்குத் தெரியாது.”

“அவங்களுக்குத் தெரியுமா?”

“அந்தப் பொண்ணு கண்டுபுடிச்சிட்டாளே. தெரியாமயா இருக்கும்?”

அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு அப்பா கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இலையைக் கசக்கி வைத்துக் கட்டியிருப்பதாகவும், அவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டே எல்லாரையும் வேலை வாங்குவதாகவும் சொன்னாள். “எங்கம்மா ‘உனுக்கு அடி பட்டது கால்லதான், வாய்ல இல்லியே’ன்னு திட்டுது” என்றாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்காரரிடம் ஒப்பிக்க அதையும் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

இதோடு எல்லாம் நேராகிவிட்டது என்று நினைக்காதீர்கள். மறுநாள் பெட்டியைக் கொண்டுபோகாமல், பிள்ளைகளையே பேச விடலாம் என்று உட்கார்ந்தேன். ஒருத்தர் வீட்டு ஆடு குட்டி போட்டது, ஒருத்தர் அண்ணன் கேரளாவுக்கு வேலைக்குப் போனது, ஒரே சமயத்தில் எல்லாரும் பேசினார்கள். கடைசியில் “உக்காருங்க, உக்காருங்க” என்று கத்தியே என் குரல் போனது. பாடம் ஒரு எழுத்துகூட நகரவில்லை. வாரம் முடிந்து மலை இறங்கும்போது இந்த வேலை எனக்கு ஆகாது என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். இடுப்பு விட்டுப்போயிருந்தது. கண்டக்டர் ஏதோ கிண்டலாகக் கேட்டார். கையால் ‘அப்புறம்’ என்று காட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தேன். வீட்டுக்காரர் நான் இல்லாத வாரத்துக்கும் சேர்த்து வேலை பிடித்து வைத்திருந்தார். பின்னறையில் மைக் முன்னால் உட்கார்ந்தேன். ஃபேனை நிறுத்தினார். கையைக் காட்டினார்.

“அன்பார்ந்த பொதுமக்களே” என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அவர் கையைச் சுழற்றி, பேசு பேசு என்றார். கடைசியில் அவரே பதிவை நிறுத்தினார்.

“இன்னா ஆச்சு? தொண்டயா?”

“இல்ல. யாராச்சும் எதுனா சொல்லுவாங்களான்னு பாத்தேன்.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சுற்றிலும் முட்டை அட்டைச் சுவர்தான். தொண்டை வலி மலையிலும் இருக்கத்தான் செய்தது, இங்கேயும் இருக்கிறது. அங்கே வலித்தபோது ஒரு பிள்ளை “தண்ணி குடி டீச்சர்” என்றது. அப்படிச் சொல்லிவிட்டு என் டம்ளரில் இருந்த தண்ணீரை அதுவே குடித்தும்விட்டது. களைத்துத்தான் போகப்போகிறேன். எதில் களைத்துப்போவது என்பது மட்டும்தான் என் கையில் இருந்தது.

வெளியே வந்து தோழிக்குப் போன் போட்டேன். “வரேன்.”

“நல்லா யோசிச்சியாடி?”

“யோசிச்சா வரமாட்டேன்.”

“அப்ப யோசிக்காத. நாளைக்கி வரும்போது சாக்பீஸ் வாங்கிக்கினு வா, இங்க தீந்துபோச்சு” என்றாள். இதைவிடப் பெரிய வரவேற்பெல்லாம் அவளிடம் எதிர்பார்க்க முடியாது.

உள்ளே போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் மைக் ஸ்டாண்டின் திருகை முடுக்குவதும் தளர்த்துவதுமாக இருந்தார். பிடித்து வைத்த வேலைகளுக்கெல்லாம் இனி யாரைக் கூப்பிடுவது என்று கணக்குப் போட்டிருப்பார். தப்பில்லை. அது அவர் பிழைப்பு.

“இன்னிக்கிப் புடிச்ச வேலய மட்டும் முடிச்சிக் குடுக்கறேங்க” என்றேன்.

“வாணாம். தொண்டய வச்சிக்க, நாளைக்கி வேணும்.” திருகை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “அங்க நாளெல்லாம் பேசிட்டு வந்து, வூட்ல எங்கிட்ட பேசுவியா?”

பொய் சொல்ல மனசு வரவில்லை. “கம்மியாத்தாங்க.”

அவர் அதை யோசித்தார். அந்த இடைவெளியில் நான் எதுவும் சொல்லவில்லை.

“அப்ப எதுனா கேக்கறதா இருந்தா காலைலயே கேட்டுக்கறேன்” என்றார். “பஸ்ஸு எத்தினி மணிக்கு?”