கசிந்துகொண்டே இருந்த வால்வு

அமாவாசைக் கூட்டத்தை மேல்மலையனூருக்கு ஏற்றிப் போய்த் திரும்பிய மறுநாள் மாமாவின் கார் தும்மத் தொடங்கியது. கறுப்பு நிறத்தில், யாரோ ஒரு வெள்ளைக்காரனிடமிருந்து கைமாறிக் கைமாறி செஞ்சிக்கு வந்து சேர்ந்த பழைய கார் அது. மாமா அதைக் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வாடகைக்கு ஓட்டினார். ரிப்பேரையும் அவரே பார்த்துக்கொள்வார்.

அப்போது நானும் அம்மாவும் மாமா வீட்டில் இருந்தோம். அம்மா பிரசவத்துக்கு வந்து, தம்பி பிறந்து சில மாதம் ஆகியிருந்தது. எனக்கும் அவனுக்கும் நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இவன் தங்கினான், ஆனால் அம்மா பாதியாகிவிட்டாள். எழுந்தால் கண் இருட்டுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டே நடப்பாள்.

எங்கள் வீடு தொண்டூருக்குப் பக்கத்தில். அங்கே கடலை பிடுங்கும் நேரம் வந்துவிட்டது. ஊருக்குப் போனால் அம்மா மறுநாளே கடலைக் கொல்லையில் வேலைக்கு இறங்க வேண்டும். அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை, எல்லா வீட்டிலும் அப்படித்தான். பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் தம்பிக்குப் பேர் வைத்த அன்று, தங்கையையும் பிள்ளையையும் காரில்தான் அனுப்புவேன் என்று மாமா சொல்லிவிட்டார். பெரியப்பா அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். எங்கள் தெருவுக்குள் அதுவரை ஒரு காரும் வந்ததில்லை. இனி அம்மா பஸ்ஸில் போய் இறங்கினால் பெரியப்பாவின் மானம் போய்விடும்.

மாமா காரின் மூடியைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, கார்பரேட்டரின் வாய்ப்பக்கம் பீடிப் புகையை ஊதினார். புகை உள்ளே போனது, போனது, திடீரென்று அவர் முகத்திலேயே திரும்பி வந்து அடித்தது.

"காத்த உள்ள இழுக்கற வால்வு மூடாம நிக்குது" என்றார்.

பின்னாளில் கிருஷ்ணகிரியில் ஒரு ஷெட்டில் நானும் இதே வித்தையைச் செய்து காட்டி ஒரு புருவத்தைப் பறிகொடுத்தேன். மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிளக் ஒயர்களைத் துணியால் பிடித்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். மூன்றாவதைப் பிடுங்கியபோது மட்டும் இன்ஜினின் சத்தம் மாறவில்லை. "இவன்தான் சோம்பேறி" என்றார்.

வீட்டுக்குப் பின்னால், எந்தக் காலத்திலோ கோட்டை மலையிலிருந்து உருண்டு வந்து நின்றுவிட்ட ஒரு பாறை இருந்தது. அதுதான் மாமாவின் மேசை. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி அதன்மேல் வைத்து, வால்வுகளை எடுத்து என்னிடம் கொடுத்தார். பிரித்து வைப்பது என் வேலை. தலை பெரிதாக, கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் காற்றை இழுக்கும் வால்வு. தலை சிறிதாக, சாம்பல் பூத்து வெந்து கிடந்தால் புகையைத் தள்ளும் வால்வு. நான் ஒன்றுகூடத் தப்பாக வைக்கவில்லை.

"நீ இன்னா வால்வுடா? சோத்த உள்ள இழுக்கறதோட சரி" என்றார் மாமா.

அந்தச் சோம்பேறி மூன்றாவது குழியின் வால்வு விளிம்பில் பள்ளம் விழுந்திருந்தது. ரப்பர் கிண்ணம் வைத்த குச்சியை அதன் தலையில் ஒட்டி, அரைக்கும் பசை தடவி, ஹெட்டில் அது உட்காரும் இடத்தில் வைத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் குச்சியை உருட்டித் தேய்க்க வேண்டும். தேய்த்தபின் ஹெட்டின் குழியில் மண்ணெண்ணெய் ஊற்றி, பக்கத்துத் துளைக்குக் கீழே பழைய செய்தித்தாளை விரித்து வைப்போம். வால்வு சரியாக உட்காரவில்லை என்றால் தாள் நனையும். தாளைப் பார்ப்பதும் என் வேலைதான். தாள் நனைந்தது. மாமா மறுபடி தேய்த்தார்.

இப்படி இருக்கும்போது பெரியப்பா அனுப்பி என் அப்பா வந்தார். அவரை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

"இன்னா மச்சான், வண்டி இன்னும் படுத்துக்கினே இருக்குதா?"

"கசியுது மாப்ள. நீங்களே பாருங்க."

"நீங்க சுத்தறது பூப்பறிக்கிற மாதிரி இருக்குது. இங்க குடுங்க."

நைனா குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வெறியோடு தேய்த்தார். எங்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. மறுநாள் மத்தியானம் ஊற்றிப் பார்த்தபோது தாள் நனையவில்லை. நான் குனிந்து, தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

அந்த நேரத்தில் பின்கட்டு வாசலில் அம்மா தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் பார்த்தாள். பாதி தூக்கியவள் குடத்தோடு உட்கார்ந்துவிட்டாள். நைனா எழுந்து ஓடி, குடத்தை வாங்கி வைத்து, அவளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

மாமா தாளைப் பார்த்தார். "இன்னும் கசியுது மாப்ள" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என்னைப் பீடி வாங்க அனுப்பிவிட்டார். திரும்பி வந்தபோது நைனா மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவர் கையும் பூப்பறிக்கிற மாதிரிதான் சுற்றியது. வேலைக்கு நடுவே எழுந்து போய்த் தண்ணீர் இறைத்தார். எங்கள் ஊரில் நைனா தண்ணீர் இறைத்து நான் பார்த்ததே இல்லை.

தினமும் தேய்த்தார்கள், தினமும் ஊற்றினார்கள். தினமும் தாள் காய்ந்தே கிடந்தது, தினமும் கசிகிறது என்றார்கள். மாமா ஆட்டு ஈரல் வாங்கி வந்தார். அம்மா தின்றாள், தூங்கினாள்.

ஒருநாள் காலை பெரியப்பாவே சைக்கிளில் வந்துவிட்டார். இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "ஊரே கேக்குது கார் எப்ப வருதுன்னு. ரெண்டு பேரும் இன்னாடா பண்ணிக்கினு இருக்கீங்க?" என்றார்.

மாமா மண்ணெண்ணெயை ஊற்றிக் காட்டினார். தாளைப் பார்க்கிற வேலை என்னுடையது. அவ்வளவு பெரிய மனிதர் எதிரில் அதைச் செய்வதில் எனக்குப் பெருமை.

"கசியல பெரியப்பா. பேப்பர் காஞ்சுதான் கிடக்குது."

மாமா கீழே எதையோ தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார். பெரியப்பா நைனாவைப் பார்த்தார். "புள்ள பொய் சொல்லாது. நீ பாத்துச் சொல்லு."

நைனா அண்ணனைக் கண்டால் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்கிறவர். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசி நான் கேட்டதில்லை. அவர் முட்டி போட்டு உட்கார்ந்து, தாளில் விரலை அழுத்தி, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். வெகுநேரம் தேய்த்தார்.

"ஈரமாத்தான் இருக்குதுண்ணா" என்றார். "இப்பிடியே எடுத்தா வழியில நின்னுடும். நம்ம தெருவுல நொழையறப்ப நின்னுச்சின்னா அசிங்கம்ணா."

பெரியப்பா கொஞ்சம் யோசித்தார். தெருமுனையில் நின்றுபோன காரை எல்லோரும் தள்ளுவது அவர் கண்ணில் தெரிந்திருக்க வேண்டும். "அப்ப நல்லா தேய்ங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் திருப்பினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. காய்ந்த தாளைக் காய்ந்தது என்று சொன்னதற்கு ஊருக்கு முன்னால் பொய்யனாகிவிட்டேன். மாமா ஒரு கடலை உருண்டை கொடுத்தார். தின்றேன். கோபம் போகவில்லை.

அதற்கப்புறம் எத்தனை நாள் தேய்த்தார்கள் என்று நினைவில்லை. ஒரு காலை அம்மா பாறைக்கு வந்தாள். இடுப்பில் தம்பி, இன்னொரு கையில் கூழ்ச் சொம்பு. சுவரை எங்கேயும் பிடிக்காமல் நேராக நடந்து வந்தாள். சொம்பைப் பாறைமேல் வைத்துவிட்டு, "இன்னுமா அண்ணா கசியுது?" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டது போல இருந்தது.

மாமாவும் நைனாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நின்னுபோச்சு" என்றார் மாமா.

அன்று சாயங்காலத்துக்குள் ஹெட்டை ஏற்றி முடுக்கிவிட்டார்கள். மண்ணெண்ணெய் ஊற்றவில்லை, தாள் விரிக்கவில்லை, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனை நாள் கசிகிறது என்று இவர்களே சொன்ன வால்வில், அம்மா கூழ் கொண்டுவந்ததும் கசிவு எப்படி நிற்கும்? மறுநாள் காரில் நைனா முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மாமா சீட்டியடித்துக்கொண்டு ஓட்டினார். ஈரத்துக்கும் காய்ந்ததற்கும் வித்தியாசம் தெரியாத இரண்டு பேரை நம்பி அம்மா தூங்கிக்கொண்டு வந்தாள். தெருமுனையில் பெரியப்பா வெள்ளைச் சட்டையோடு நிற்பது தெரிந்தது. நான் அம்மாவின் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு, கார் இதோ தும்மப் போகிறது, இதோ நிற்கப் போகிறது என்று காத்திருந்தேன்.