தும்மல் விழுந்த கோடு

எங்கள் தெருவில் என் தம்பிக்கு 'கையெடு' என்று பெயர். அவனுடைய பழைய சைக்கிள்களை யாராவது துணியும் கையுமாக நெருங்கினால் போதும், எந்த மூலையில் இருந்தாலும் "கைய எடு!" என்று கத்திக்கொண்டு ஓடிவருவான். என் வீட்டுக்காரர் ஒருமுறை நல்ல எண்ணத்தில் ஒரு சைக்கிள் விளக்கை உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தார். எட்டு மாதம் இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. ஒரே மேசையில் சாப்பிட உட்கார்ந்து, "உன் புருஷன உப்பத் தள்ளச் சொல்லு" என்று என்னிடம் சொல்வான். நடுவில் கிடந்து நான்தான் உப்பைத் தள்ளினேன்.

இத்தனைக்கும் இவன் தொழில் என்ன தெரியுமா? பல் செட் செய்வது. போலிப் பல்லை அசல் வரிசைக்குள் யாருக்கும் தெரியாமல் உட்காரவைப்பதில் இவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. கறை ஏறிய பல்லுக்கு அதே கறையோடு ஜோடி செய்துவிடுவான். மாடியில் அவன் பட்டறை, கீழே என் ஜெராக்ஸ் கடை. "ஒரே கட்டடத்துல ரெண்டு நகல் வியாபாரம் நடக்குது. உனக்கு மட்டும் என்னடா இந்த அசல் பைத்தியம்?" என்று கேட்டால் முறைப்பான்.

அந்தப் பைத்தியத்துக்கும் ஒரு காரணம் உண்டு. இருபத்திரண்டு வயதில் தன் முதல் பழைய சைக்கிளை வாங்கினான். ஆசை ஆசையாகப் பழைய பெயின்டைச் சுரண்டி, நீலம் அடித்து, புது மாப்பிள்ளை மாதிரி நிறுத்திவைத்தான். பார்க்க வந்த ஒருவர் அதை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "அம்பது வருஷமா யாரும் கெடுக்காம வச்சிருந்திருக்காங்க. நீ ஒரே ஞாயித்துக்கிழமைல முடிச்சிட்டியேப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று தம்பி சாப்பிடவே இல்லை. அந்த நீல சைக்கிளை இன்றைக்கும் கூடத்துச் சுவரில் மாட்டிவைத்திருக்கிறான், தினமும் பார்த்துத் தன்னையே திட்டிக்கொள்ள.

இவன் உயிரையே வைத்திருந்தது நர்ஸம்மாவின் சைக்கிள் மேல். வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்தவர் அவர். எங்கள் இரண்டு பேரையும் இந்த உலகத்துக்குள் இழுத்துப் போட்டவரும் அவர்தான். கரும்பச்சை லேடீஸ் சைக்கிள். கம்பி பிரேக், தோல் சீட், முழு செயின் கவர், எல்லாமே கம்பெனியில் இருந்து வந்தபடியே இருந்தன. கையாலேயே இழுத்த தங்கக் கோடுகள் வேறு. செயின் கவரில் ஓரிடத்தில் மட்டும் அந்தக் கோடு திடுக்கென்று மேலே ஏறி, மறுபடி இறங்கும்.

"கோடு போட்ட ஆளு தும்மியிருக்கான்க்கா! எவனோ ஒருத்தன், எந்தக் காலத்துலயோ தும்மினது, இன்னும் இருக்கு பாரு!" என்று குதிப்பான்.

ஒன்பது வருடம் கேட்டான். ஒன்பது வருடமும் நர்ஸம்மா "பாக்கலாம்ப்பா" என்றே சொன்னார். போன வாரம் திடீரென்று, மகளோடு மூன்றாவது மாடி வீட்டுக்குப் போவதாகவும், சைக்கிளை வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளும்படியும் சொன்னார். தம்பிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு பெரியவருக்குச் செய்த பல் செட்டில் ஒரு பல் அதிகமாக வைத்துவிட்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நர்ஸம்மா ஏதோ நகல் எடுக்க என் கடைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. என் காதோரம் குனிந்து, "தம்பிகிட்ட சொல்லிடாத. சைக்கிளக் காலைலயே பெயின்டர்கிட்ட அனுப்பிட்டேன். அழுக்கும் துருவுமாவா ஒருத்தருக்குக் குடுக்கறது? நல்ல செவப்பு அடிக்கச் சொல்லியிருக்கேன்" என்றார்.

பெயின்டர் நம்பரை வாங்கி மூன்று முறை அடித்தேன். எடுக்கவில்லை. அவரை அப்படியே கடையில் உட்காரவைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன்.

"டேய், நர்ஸம்மா சைக்கிளுக்குச் செவப்பு அடிக்கப் போறாங்கடா!"

கையெல்லாம் பல் அச்சு எடுக்கிற மாவு. அந்தக் கையோடே இறங்கி வந்து வாசலில் நின்ற சைக்கிளில் ஏறினான். நான் கேரியரில் தாவி உட்கார்ந்தேன். நாற்பத்தேழு வயது ஆளும் ஐம்பது வயதுப் பொம்பளையும் கடைத்தெருவில் பறந்ததை ஊரே பார்த்தது. இறக்கத்தில்தான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. இவன் சைக்கிளில் பிரேக் கட்டைகூட அசல். மாற்ற மாட்டான். அது பிடிக்கவும் பிடிக்காது.

"வழி விடுங்க! பிரேக் இல்ல! வழி விடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு தள்ளுவண்டிக்காரர் நல்ல வார்த்தையாக நாலு சொன்னார். திருப்பிச் சொல்ல நேரமில்லை.

பெயின்டர் பட்டறைக்குள் கம்ப்ரெஸர் காதைப் பிளந்துகொண்டிருந்தது. பெயின்டர் குனிந்து, ஈர உப்புத்தாளால் செயின் கவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கைய எடு!"

கம்ப்ரெஸரையும் மீறிக் கேட்டது அந்தச் சத்தம். அவர் உப்புத்தாளைக் கீழே போட்டுவிட்டார். தம்பி முழங்கால் போட்டு உட்கார்ந்தான். உள்ளங்கை அகலத்துக்குப் பச்சையெல்லாம் போய் வெறும் தகடு தெரிந்தது. அது முடிந்த இடத்தில் இருந்து ஒரு விரல் தள்ளித் தங்கக் கோடு நெளிந்து ஏறி இறங்கியது.

"இருக்குக்கா! தும்மல் இருக்கு!" அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. நானும் குதித்தேன், வெட்கமென்ன!

பெயின்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இவரு நல்லாத்தான இருக்காரு?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். பாவம், மனுஷன் சங்கடப்பட்டுப் போனார். "தேய்ச்ச எடத்துக்கு மட்டும் அதே பச்சையக் கலந்து அடிச்சுத் தரேங்க. கோட்டையும் இழுத்துடறேன். யாருக்கும் தெரியாது" என்றார்.

"எனக்குத் தெரியுமே" என்றான் தம்பி. "நாள் பூரா நான் பாக்கறதே அந்த வேலதாங்க."

அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நர்ஸம்மா. என் ஓட்டத்தைப் பார்த்துப் பயந்து பின்னாலேயே வந்திருக்கிறார். சைக்கிளைப் பார்த்தார். தம்பியின் முகத்தைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது.

"அழகாக் குடுக்கணும்னு நெனச்சேன்ப்பா. கெடுத்துட்டேனா?"

ஒரு விளக்குக்காக எட்டு மாதம் பேசாதவன் இவன். போட்டு உடைக்கத்தான் போகிறான் என்று இவன் கையைக் கிள்ளினேன். இவன் என் கையைத் தட்டிவிட்டு எழுந்தான். ஹேண்டில்பாரில் நிக்கல் தேய்ந்திருந்த இடத்தைக் காட்டினான்.

"இது உங்க பை தொங்கித் தேஞ்சது. பெடல் உங்க செருப்புல தேஞ்சது. நான் பொறந்த அன்னிக்கும் இதுலதான வந்தீங்க? எல்லாம் ஊருக்காக ஓடித் தேஞ்சது." தகடு தெரிந்த இடத்தின் மேல் விரலை நீட்டினான், தொடவில்லை. "இந்த ஒரு எடம் எனக்காகத் தேச்சதும்மா. இதும் இப்படியே இருக்கட்டும்."

நர்ஸம்மா குனிந்து, அந்த இடத்தில் ஒட்டியிருந்த தூசியைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார்.

"கைய எடுங்க!"

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கத்தியது நான்தான்.