பிரேக்கில் இரண்டு விரல்

மருந்துக்கடையில் அவளுக்குப் பெயர் பிரேக்கு அக்கா. மேட்டில் ஏறும்போதுகூட பிரேக் பிடிக்கிற மனுஷி உலகத்திலேயே அவள் ஒருத்திதான் என்று கூட வேலை பார்க்கிற டெலிவரி ஆட்கள் அடித்துச் சொல்வார்கள். கைப்பிடியில் மூன்று விரல், பிரேக்கில் இரண்டு விரல். தூங்கும்போதும் அந்த இரண்டு விரல் மடங்கியேதான் இருக்கும் என்பது அவள் வீட்டுக்காரர் கொடுக்கிற சாட்சி.

பயம் அவளோடு கூடப் பிறந்தது. மின்சார சைக்கிளில் வேகம் காட்டுகிற சின்னத் திரைமேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரை ஒட்டி வைத்திருந்தாள். "நம்பரைப் பார்த்தா கை நடுங்குது. பார்க்கலைன்னா பரவாயில்ல" என்பாள். லைசென்ஸ் வாங்கவும் போனவள்தான். ஸ்கூட்டரை வளைத்து வளைத்து ஓட்டச் சொன்னார்கள். முதல் வளைவிலேயே நிறுத்தி, "சார், எதிர்ல ஏதோ வருது" என்றாள். வந்தது ஒரு காகிதம். மறுபடி போனாள், மறுபடி நின்றாள். அதற்கப்புறம் அந்த அலுவலகத்து வாட்ச்மேனே அவளைக் கண்டால் கேட்டைத் திறக்க யோசித்தான்.

கடைசியில் சட்டம்தான் கைகொடுத்தது. மோட்டார் இருநூற்றைம்பது வாட்டுக்குள், வேகம் மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் இருந்தால் அது சைக்கிள் கணக்கு. லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம். அந்தக் கோட்டைத் தாண்டினால் அதே சைக்கிள் மோட்டார் வண்டியாகிவிடும். அவளும் லைசென்ஸ் இல்லாமல் மோட்டார் வண்டி ஓட்டிய குற்றவாளி. வண்டி போலீஸ் லாரியில் ஏறிவிடும். வண்டி போனால் வேலையும் போச்சு. ஊரில் அவளை ஓட்ட விடுகிற ஒரே வண்டி அதுதான்.

மற்றவர்கள் அந்தக் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டார்கள். சீட்டுக்கு அடியில் இரண்டு வெள்ளை வயர் ஒரு சின்னக் கொக்கியில் சேர்ந்திருக்கும். அதுதான் வேகப் பூட்டு. கொக்கியைக் கழற்றிவிட்டால் வண்டி நாற்பதைத் தாண்டிப் பறக்கும்.

"அக்கா, நீ கொண்டு போற காய்ச்சல் மாத்திரைக்கு வழியிலேயே காலாவதி தேதி வந்துரும்போல" என்பான் ஒருத்தன்.

"சும்மா இருடா. அக்கா போய்ச் சேர்றதுக்குள்ள காய்ச்சலே பாவம்னு இறங்கிரும்" என்பான் இன்னொருத்தன்.

அவளும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்காமலேயே அழுவாள். அதை வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். அங்கேதான் வினை.

அன்று காலை கடைக்காரர் பொட்டலத்தை நீட்டும்போதே ஒரு செய்தியையும் சேர்த்து நீட்டினார். "பாலத்துல செக்கிங் போட்டிருக்காங்களாம். உருளைமேல வண்டிய ஏத்தி ஓட விடுறாங்க. இருபத்தஞ்சுக்கு மேல போனா லாரிதான்." மற்றவர்கள் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் ஒருத்திதான் பயப்படாமல் நின்றாள். அது ஒரு மணிநேரம்கூட நிலைக்கவில்லை.

ஆஸ்பத்திரித் தெரு இறக்கத்தில் கண்ணில் ஒரு பூச்சி விழுந்தது. இடது கை கண்ணுக்குப் போனது. தனியாக மாட்டிக்கொண்ட வலது கை, பயத்தில் ஐந்து விரலாலும் கைப்பிடியைக் கவ்வியது. கால் தன் பாட்டுக்கு மிதித்தது. பிரேக்கில் ஒரு விரல்கூட இல்லை.

வண்டி ஒரு மாதிரி உறுமியது. அப்புறம் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. கடைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பின்னால் போயின. எதிரில் தண்ணீர் கேன்களை இறக்கிக்கொண்டிருந்த ஆள் அப்படியே சிலையாகி நின்றான். அவள் கத்தினாள், சத்தம் வரவில்லை. எப்படியோ விரல்கள் பிரேக்கைத் தேடிப் பிடித்தன. டயர் தேய்த்துக்கொண்டு போய் அவன் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

"ஏம்மா, கண்ணு தெரியுதா இல்லையா?" என்றான் அவன். திட்டுகிற குரல் இல்லை அது. பயந்த குரல்.

 அவள் திரைமேல் இருந்த பிளாஸ்டரை நகத்தால் உரித்தாள். போன அதிகபட்ச வேகம் என்று திரை காட்டியது நாற்பத்து மூன்று.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வீட்டுக்காரர் கேட் செய்கிற வெல்டர். பட்டறை வாசலில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நின்றவர், அவளும் வண்டியும் வருகிற கோலத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"அப்பாடா! இன்னைக்காவது தெரிஞ்சுதா?"

"என்ன தெரிஞ்சுது?"

"பூட்டை எடுக்கச் சொல்லி நான்தான் மெக்கானிக்கிட்ட சொன்னேன். ரெண்டு வாரமாச்சு. தினமும் சாயங்காலம் உன் மூஞ்சியவே பார்த்துக்கிட்டிருந்தேன், சந்தோஷமா ஏதாவது சொல்வியான்னு. நீ ரசம் காரமா இருக்கான்னு கேட்டுக்கிட்டிருந்த."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பிரேக்கை லேசாகத் தொட்டாலே மோட்டார் நின்றுவிடும். அந்த வண்டியின் அமைப்பு அப்படி. கொஞ்சம் வேகமெடுத்தாலே அவள் விரல் இறுகும். இரண்டு வாரமாக ஒரு புலிமேல் உட்கார்ந்து, அது பூனை என்று நினைத்துக்கொண்டு ஊரைச் சுற்றியிருக்கிறாள்.

"ஒரு ஆளக் கொன்னிருப்பேங்க" என்றாள். 

அவர் சிரிப்பு அப்படியே வற்றிப்போனது. "நீ அழுததப் பார்த்து..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. "வா, இப்பவே மெக்கானிக்கிட்ட போய் மாட்டிரலாம். கொக்கி கழண்ட இடத்துல அவன் ஏதோ வச்சு அடைச்சிருக்கான். நான் தொட்டா எரிச்சாலும் எரிச்சுருவேன்."

மெக்கானிக் கடை பாலத்துக்கு அந்தப் பக்கம். செக்கிங் பாலத்தின்மேல். வேறு வழி கிடையாது.

"தள்ளிக்கிட்டுத்தான போறோம்? தள்ளுறதுக்கு என்ன சட்டம்?" என்றார் அவர். அந்தத் தைரியம் பாலத்தைப் பார்க்கிற வரைக்கும்தான் இருந்தது.

லாரியில் சைக்கிள்கள் கொம்பு பின்னிய மாடுகள் மாதிரி அடுக்கியிருந்தன. அதில் ஒன்று, காய்ச்சல் மாத்திரைக்குக் காலாவதி வரும் என்றவனுடையது. அவன் நடைபாதையில் உட்கார்ந்து முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்திருந்தான். 

"ஏம்மா, நல்ல வண்டியத் தள்ளிக்கிட்டு வர்றீங்க? ஏத்துங்க" என்றார் அதிகாரி.

"சார், அது வந்து..." என்று வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"உங்க வண்டியா?"

"இல்ல சார், அவளோடது."

"அப்ப நீங்க தள்ளி நில்லுங்க."

பின்சக்கரம் உருளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தது. அவள் ஏறினாள். பக்கத்தில் ஒரு பெட்டியில் சிவப்பு எண்கள். மிதித்தாள். சக்கரம் முனகியது. எண் பத்தாயிற்று, பதினைந்தாயிற்று. மோட்டார் உறுமத் தொடங்கியதும் விரல்கள் தாமாக இறுகின. எண் விழுந்தது.

"பிரேக்க விடும்மா."

"விட்டுட்டேன் சார்." நிஜமாகவே விட்டதாகத்தான் நினைத்தாள். விரல்கள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. மறுபடி மிதித்தாள். பதினெட்டு. உறுமல். இறுக்கம். ஏழு. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. காலையில் அப்படித்தானே ஆனது? வீட்டுக்காரர் தூரத்தில் நின்று, தன் இரண்டு விரலையும் தன்னை அறியாமல் காற்றில் மடக்கிக்கொண்டிருந்தார்.

அதிகாரி பெட்டியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், பின்னால் நீளும் வரிசையைப் பார்த்தார். "இந்த வேகத்துக்கு மோட்டார் எதுக்கும்மா? போங்க."

அவள் இறங்கித் தள்ளப் போனாள்.

"தள்ளாதீங்க. பின்னால அத்தனை பேர் நிக்கிறாங்க. ஏறி ஓட்டிட்டுப் போங்க."

முன்னால் பாலத்தின் இறக்கம். அவள் ஏறினாள். இரண்டு கையிலும் இரண்டிரண்டு விரல் வெளுத்துப்போகிற வரைக்கும் பிரேக்கை அழுத்திக்கொண்டு, சக்கரம் கீச்சிட, இறங்கினாள். பக்கத்திலேயே வீட்டுக்காரர் வெல்டிங் கண்ணாடி நெற்றியில் குதிக்க மூச்சிரைத்து ஓடிவந்தார்.

"விட்ராத... விட்ராத..."

"நீங்க பேசாம வாங்க. பேசினா பயமா இருக்கு."

மெக்கானிக் சீட்டைத் தூக்கி, அடைப்பை எடுத்து, இரண்டு வெள்ளை வயரையும் சேர்த்தான். டிக் என்றது. அந்தச் சின்னச் சத்தத்துக்கா இவ்வளவும் என்று அவளுக்கு அழுகை வந்தது.

"ஓட்டிப் பாருக்கா" என்றான்.

மெக்கானிக் கடைச் சந்தில் அவள் ஒருமுறை, ஒரே ஒருமுறை, பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கிலிருந்து விரலை எடுத்தாள். பிளாஸ்டர் இல்லாத திரையில் இருபத்து மூன்று, இருபத்து நான்கு, இருபத்தைந்து. அங்கேயே மோட்டார் அடங்கிக்கொண்டது. எவ்வளவு மிதித்தும் அது மேலே உதவவில்லை. திரும்பி வந்து, மருந்துப் பையிலிருந்து பிளாஸ்டர் சுருளை எடுத்து, அந்தக் கொக்கிமேல் சுற்றோ சுற்றென்று சுற்றினாள்.

திரைமேல் மறுபடி எதையும் ஒட்டவில்லை. ஆனால் பயம் போகவில்லை. இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. தினமும் கிளம்புமுன் சீட்டைத் தூக்கிப் பிளாஸ்டர் அப்படியே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறாள். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் பட்டறை வாசலில், வண்டியிலிருந்து நாலடி தள்ளி, இரண்டு கையையும் அவள் கண்ணில் படுகிற மாதிரி வைத்துக்கொண்டு நிற்கிறார்.