மெதுவாக விழுந்த அணில்

கார்ட்டூன் படம் செய்யும் அந்த ஸ்டூடியோவில் அவருக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். மேசைக்கு வந்த வேலையை ஆற அமர யோசித்துத்தான் தொடுவார். தொட்டுவிட்டால் குறை சொல்ல ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்ட மனிதர் ஓர் அணில்குட்டியைக் கிளையிலிருந்து விழவைக்கத் தெரியாமல் திண்டாடினார்.

அவர்பாட்டுக்குப் படங்களை வரைந்து தள்ளினார். ஓடவிட்டுப் பார்த்தால் அணில் எங்கே விழுந்தது? காற்றில் மிதந்து இறங்கியது. அது தரைக்கு வருவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று பக்கத்து மேசைக்காரர் கிண்டலடித்தார். பாதிப் படங்களை எடுத்துவிடுங்களேன், வேகமாக விழும் என்று பெண் இயக்குநரும் நயமாகச் சொல்லிப் பார்த்தார். மனிதர் மசியவில்லை.

"விழுறது இப்படித்தான் இருக்கும் மேடம். நான் கண்ணால பாத்திருக்கேன்."

பார்த்தது சொந்த மகளை. நாலு வயதில் நாற்காலிமேல் ஏறி நின்றவள் தலைகுப்புறக் கவிழ்ந்தாள். ரிப்பன் அவிழ்ந்தது, செருப்பு கழன்றது, வாய் திறந்தது. எல்லாம் ஒவ்வொன்றாக அவர் கண்முன்னால் நடந்தது. இவரோ இரண்டடி தள்ளி மரம் மாதிரி நின்றார். குழந்தைக்கு நெற்றியில் தையல் போட்டார்கள். அத்தனை நேரம் இருந்தும் பெற்ற பிள்ளையைத் தாங்கிப் பிடிக்காத பாவி என்று அன்றைக்குத் தன்னை வைய ஆரம்பித்தவர், மகள் கல்லூரிக்குப் போகும் வயதாகியும் நிறுத்தவில்லை. வீட்டில் ஒருவரிடமும் மூச்சுவிட்டதில்லை.

இயக்குநருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நாற்காலிமேல் ஒரு தலையணையை நிறுத்தித் தள்ளிக் காட்டினார். தொப்பென்று விழுந்தது. நிதானம் எழுந்து வந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, இப்போது சொல்லாமல் தள்ளுங்கள் என்றார். கை நீட்டினார், பிடிபடவில்லை. இன்னொரு தடவை கேட்டார், அப்போதும் இல்லை. வயசான காலத்தில் தலையணையோடு மல்லுக்கட்டுகிறாரே என்று சிரித்துக்கொண்டிருந்தவர்கள், அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனார்கள். மகள் விழுந்த அன்றைக்கும் நேரமே இருந்திருக்கவில்லை. பயம்தான் அந்த ஒரு நொடியைப் பிடித்து இழுத்திருக்கிறது. இது தெரியாமல் இத்தனை வருடம் வெந்துகொண்டிருந்தோமே என்று நினைத்தபடி தலையணையை எடுத்து நாற்காலியில் வைத்தார்.

யாரும் மறுபடி சொல்லாமலே பாதிப் படங்களை எடுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். துணி மடித்துக்கொண்டிருந்த மகளிடம், அன்றைக்கு அவளைத் தாங்கிப் பிடிக்காமல் நின்றதை முதன்முறையாகச் சொன்னார். அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

"நீ நின்னதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லப்பா. கண்ணத் தொறந்தப்போ உன் மடியிலதான் இருந்தேன்."