அப்பா கேட்ட ரிகா

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பாவைப் பற்றி எழுதும் பொறுப்பு மூத்த மகள் என்பதால் என் தலையில் விழுந்தது. தம்பி படங்களைத் தெரிவு செய்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டான். உண்மையைச் சொன்னால் நான் மிகவும் களைத்துப்போயிருக்கிறேன். அப்பாவின் மறதி நோயோடு வாழ்ந்த ஆண்டுகளின் அலுப்பு இன்னும் உடம்பை விட்டு இறங்கவில்லை. அதனால் அழகாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

அப்பா பருத்தித்துறையில் பிறந்தார். கணித ஆசிரியராகி ஊரில் சில காலம் படிப்பித்தார். பிறகு, அந்நாளில் எங்கள் ஆசிரியர்கள் பலர் போனதுபோல, நைஜீரியாவுக்குப் போனார். அந்த நாட்டின் வடக்கே ஸாரியா என்ற நகரில் வேலை. கலியாணம் முடித்த கையோடு அம்மாவும் அங்கே போனார். நான் வயிற்றில் இருந்தபோது தாத்தாவுக்குக் கடுமையான சுகவீனம் என்று ஊருக்கு வந்தவரால், நாட்டு நிலைமை காரணமாகத் திரும்பிப் போகவே முடியவில்லை. அப்பா நெடுங்காலம் அங்கே தனியாக இருந்தார். விடுமுறைக்கு வந்து போவார், அவ்வளவுதான். இந்தத் தனிமைதான் பின்னால் எங்கள் வீட்டில் ஒரு பெரிய சந்தேகத்துக்கு இடம் கொடுத்தது.

பிறகு குடும்பமாக அவுஸ்திரேலியாவுக்கு வந்து முதலில் மெல்பேர்னில், ஸ்பிரிங்வேலில் இருந்தோம். அப்பாவின் ஆசிரியப் படிப்பை இங்கே யாரும் மதிக்கவில்லை. தொழிற்சாலைக்குப் போனார். பிறகு சிட்னிக்கு வந்து, டூங்கபியில் வீடெடுத்து, செவன் ஹில்ஸில் இன்னொரு தொழிற்சாலையில் ஓய்வு பெறும்வரை வேலைக்கு நின்றார். ஒரு நாளும் முறைப்பாடு சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எங்களுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

டூங்கபி வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் எங்கள் ஹோல் நினைவிருக்கும். சுவரில் வெள்ளை பூசிய மர முகமூடி. கண்ணாடி அலுமாரிக்குள் இரண்டு சிறிய மரப் பொம்மைகள். கதிரைகளின் முதுகில் கருநீலத் துணி. தரையில் தோல் மெத்தைகள். நீங்கள் எல்லோரும் அவற்றை ‘நைஜீரியாச் சாமான்’ என்று ஒரே பெயரில் சொல்வீர்கள். அப்பாவுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் மாறிவிடும்.

“உந்தப் பேய் முகத்தை ஏன் வீட்டுக்குள்ள வச்சிருக்கிறியள்?” என்று பெரிய மாமா ஒரு முறை கேட்டார்.

“அது பேயில்லை, கலியாணமாகாத குமர்ப்பிள்ளையின்ட முகம். இக்போச் சனத்தின்ட முகமூடி. ஆம்பிளையள் போட்டுக்கொண்டு ஆடுறது” என்றார் அப்பா. “யொரூபா, இக்போ, ஹௌசா எண்டு மூண்டும் மூண்டு சனம். பாஷை வேற, கைவேலை வேற. உங்களை இந்தியன் எண்டு சொன்னால் விடுவியளே?”

பிறகு பாடம் தொடங்கும். தேநீர் ஆறிவிடும். யொரூபா மக்கள் மரத்தில் உருவம் செதுக்குவதில் கெட்டிக்காரர்கள். இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று இறந்துவிட்டால் அதற்குப் பதிலாக ஒரு பொம்மை செய்வித்து, தாய் அதைக் குளிப்பாட்டி, உடுப்புப் போட்டு, சோறும் ஊட்டுவாள். இதைக் கேட்டதும் வந்தவர்கள் அலுமாரிப் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். மரவள்ளிக் கஞ்சியால் கோலமிட்டு நீலச் சாயத்தில் தோய்த்த துணியும் அவர்களுடையதே. இக்போப் பெண்கள் செடிச் சாற்றைத் தொட்டு உடம்பிலும் மண்சுவரிலும் கோடு வரைவார்கள். சுவரில் வரைந்தது மழை வந்தால் போய்விடும். போனால் என்ன, திரும்ப வரைவார்கள். அதில் கொண்டுவர ஒன்றுமில்லை என்று அப்பா கவலைப்படுவார்.

ஹௌசாவுக்கு வந்தால் அப்பாவின் குரலே வேறாகிவிடும். அவர்கள் முஸ்லிம்கள். உருவம் செதுக்குவது குறைவு. அவர்களின் திறமையெல்லாம் தோலிலும், சுரைக்குடுவையிலும், வீட்டு முகப்பில் மண்ணால் இழைக்கும் பூவேலையிலும், ஆண்கள் உடுக்கும் பெரிய அங்கியின் தையலிலும் இருக்கும். ஸாரியாவில் வேப்பமரத்தடியில் இருந்து தைத்த ஒருவரிடம் அப்பாவும் ஒன்று செய்வித்திருந்தார். நெஞ்சில் எட்டுக் கூர்முனைகள் வரும் தையல். அதற்கு எட்டுக் கத்தி என்று பெயராம். அகலமோ நாலு பேர் உள்ளே நிற்கலாம். அம்மா அதைக் ‘கூடாரம்’ என்பார். எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர் கிடையாது. கூடாரம் கராஜில் ஒரு சூட்கேசில் கிடந்தது.

நோய் வந்தபின் அப்பாவிடம் முதலில் ஆங்கிலம் போனது. பிறகு தமிழும் போனது. எஞ்சியது எங்களுக்கு விளங்காத ஒரு மொழி. ஹௌசா என்று நாங்களாகவே ஊகித்தோம். பராமரிப்பு இல்லத்தில் விட்டபின் ஒரு சொல் அடிக்கடி வந்தது. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும், அவரின் முகத்தைப் பார்த்து “ரிகா” என்பார். சுற்றுமுற்றும் தேடுவார். மறுபடியும் “ரிகா, ரிகா” என்பார்.

அம்மா சில வாரங்கள் பொறுத்தார். ஒரு நாள் காரில் வரும்போது கேட்டார்.

“ஆர் இந்த ரிகா, பிள்ளை?”

“எனக்கென்னண்டம்மா தெரியும்?”

“என்னைப் பார்த்துக்கொண்டு அவளின்ட பேரைச் சொல்லுறார். அத்தனை வருஷம் தனியத்தானே இருந்தவர்.”

அதன்பின் அம்மா இல்லத்துக்கு வரவில்லை. “எனக்கு முழங்கால் நோகுது, நீ போட்டு வா” என்பார். முழங்கால் கோயிலுக்குப் போகும்போது நோகவில்லை. எனக்கு அப்பாவிலும் கோபம், அம்மாவிலும் கோபம். வேலை முடிந்து அங்கே ஓடி, அங்கிருந்து வீட்டுக்கு ஓடி, இரண்டு இடத்திலும் யாரோ ஒருவர் இன்னொருவருக்காகக் காத்திருப்பதைப் பார்ப்பதே என் வேலையாகிவிட்டது. இந்த வயதில் அம்மாவின் வாழ்க்கை பொய்யாகிப்போய்விடுமோ என்று பயந்தேன்.

இல்லத்துக்குப் புதிதாக ஒரு பராமரிப்பாளர் வந்தார். நைஜீரியப் பெண்மணி. தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. அவரை அழைத்துவந்து, அப்பா சொல்வதை மொழிபெயர்த்துத் தரும்படி கேட்டான். அவர் கொஞ்ச நேரம் காதுகொடுத்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

“உங்களுக்கு ஹிந்தி பேச வருமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“இல்லை, நாங்கள் தமிழர்” என்றான் தம்பி.

“நான் இக்போ” என்றார் அவர்.

காலமெல்லாம் ஹோலில் நடந்த பாடத்தில் நாங்கள் சித்தியடையவில்லை. அப்பாவுக்கு அறிவு தெளிவாக இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். ஆனால் அந்தச் சகோதரி எங்களை அப்படியே விட்டுவிடவில்லை. தன் தேவாலயத்துக்கு வரும், வடக்கில் வளர்ந்த ஒருவரிடம் அந்தச் சொல்லை விசாரித்துவந்தார். அடுத்த கிழமை என்னைக் கண்டதும், “ரிகா பெண்ணில்லை, உடுப்பு. ஆண்கள் போடும் அந்தப் பெரிய அங்கி” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அம்மாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. “கூடாரமோ? அதை ஏன் என்னட்டக் கேக்கிறார்?” என்றார். ஆனாலும் தானே கராஜுக்குப் போய்ச் சூட்கேசைத் திறந்தார்.

சிட்னியின் ஆடி மாதக் குளிர். மாலையில் இருவரும் போனோம். அம்மா அங்கியை அப்பாவின் மடியில் வைத்தார். அப்பா நெஞ்சுத் தையலைத் தடவினார். தனக்கு உடுத்திவிடச் சொல்வார் என்று நினைத்து நான் எழுந்தேன். அவரோ அதை இரண்டு கையாலும் விரித்து, மெதுவாக, பக்கத்தில் இருந்த அம்மாவின் முழங்காலில் போர்த்தினார். கழுத்துவரை இழுத்துவிட்டார்.

“குளிருதெல்லே உமக்கு” என்றார். தமிழில்.

ஸாரியாவில் பாலைவனத்துப் புழுதியோடு குளிர்காற்று வீசும் காலம் ஒன்று உண்டாம். புதிதாகப் போன அம்மா நடுங்கி அழுதபோது, தைத்து வந்த அந்த அங்கியைத்தான் அப்பா போர்த்திவிட்டாராம். அம்மா இதை எனக்கு அன்றுதான் சொன்னார். அதன்பின் ஒரு நாளும் அவருக்கு முழங்கால் நோகவில்லை. அப்பா தமிழில் வேறெதுவும் பேசவில்லை. சில வாரங்களில், அம்மா கையைப் பிடித்திருக்க, அமைதியாகக் கண்ணை மூடினார்.

அப்பாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, பொறுமையாகப் பார்த்த இல்லத்தாருக்கும், விசாரித்து வந்து ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய அந்தச் சகோதரிக்கும், சாப்பாடு கொண்டுவந்த அன்ரிமாருக்கும், மெல்பேர்னில் இருந்து இரவு பகல் பாராமல் ஓடிவந்தவர்களுக்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் என் களைப்பை மன்னியுங்கள்.

அப்பாவுக்கு ஏன் அந்த அங்கியைப் போர்த்தி அனுப்பவில்லை என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். தம்பியும் நானும் அதைத்தான் விரும்பினோம். அம்மா பட்டு வேட்டியையும் சால்வையையும் எடுத்துத் தந்தார்.

“ரிகாவைத் தரமாட்டன்” என்றார். “அவருக்கு இனிக் குளிராது. எனக்குக் குளிரும்.”